வீட்டில் ரோபோ கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருப் படிப்பகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரோபோ கட்டுகிறோம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், பணி ஓய்வு பெற்ற மின்பணியாளர் ஒருவர் என்று பதினைந்து பேர் வரை சேர்வோம். புதிதாக வருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இங்கே பேசுவது பேட்டரியில் ஓடும், கைக்கு அடக்கமான ரோபோவைப் பற்றி. அதில் ஆபத்து இருக்கும் இடம் ஒன்றுதான்: அடைத்து வைத்த சக்தி. பேட்டரிக்குள் அடைபட்டிருக்கும், சுழலும் மோட்டாரில் இருக்கும், சூடான இரும்பு முனையில் இருக்கும். அதனால் எங்கள் மாடியில் ஒரு விதி வைத்திருக்கிறோம். எப்படி நிறுத்துவது என்று காட்டிய பிறகுதான் எதையும் ஓட்டலாம்.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் ஒன்றுமே தெரியாது. நான் ரோபோ கட்ட முடியுமா?

முடியும். சுற்றுப்புறத்தை உணர ஒரு சென்சார், என்ன செய்வதென்று தீர்மானிக்க ஒரு சுற்று, அசைவதற்கு ஒரு மோட்டார் இருந்தால் அது ரோபோ. 1948-49இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர், 'எல்மர்', 'எல்சி' என்று பெயரிட்டு இரண்டு இயந்திர ஆமைகளைக் கட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டே மின்னணு வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்), வெளிச்சத்தை உணரும் ஒரு கண், எதன் மீதாவது முட்டினால் உணரும் ஓடு. இவ்வளவை வைத்துக்கொண்டே அவை விளக்கைத் தேடிப் போயின, தடையைச் சுற்றிக்கொண்டு போயின, பேட்டரி இறங்கினால் சார்ஜர் இருக்கும் தங்கள் கூண்டுக்குத் திரும்பின. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டு, அதாவது புரோகிராம் ஏற்றி ஓட்டும் மின்னணுப் பலகை, அந்த ஆமைகளைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

மகன் மனித உருவ ரோபோதான் வேண்டும் என்கிறான். அதையே முதலில் கட்டினால் என்ன?

நடக்கும் மனித உருவத்துக்குப் பதினாறு, பதினேழு சர்வோ மோட்டார்கள், அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்கள், தேவைப்படும். எல்லாம் ஒரே நேரத்தில் எடையைத் தாங்கி நிற்கும்போது பல ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். அதைக் கொடுக்கக்கூடிய பேட்டரியைக் கையாளப் பழகாதவர் கையில் முதல் நாளே கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

முதலில் இரண்டு சக்கர வண்டி ஒன்றைக் கட்டுங்கள். இரண்டு மஞ்சள் கியர் மோட்டார்கள், முன்னால் ஒரு உருளைச் சக்கரம், ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டு, மோட்டாருக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகை, ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார். இந்தச் சென்சார் வௌவாலைப் போல 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒவ்வொரு 58 மைக்ரோ விநாடிக்கும் ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை பார்க்கும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வண்டியை மனத்தில் வைத்து எழுதியவை.

முதலில் என்ன வாங்க வேண்டும்? எங்கே வாங்குவது?

ஒரு மல்டிமீட்டர். மோட்டாருக்கும் முன்னால் அது. எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், எங்கே ஷார்ட் என்று பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி விபத்துகள் நடக்கவே நடக்காது. அடுத்து, கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி. வெட்டிய கம்பித் துண்டு எங்கே தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இணையத்தில் வாங்குகிறார்கள். பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் அங்கே கேளுங்கள். 2016 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டவை அவை. கருவிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது எப்போதும் நல்லது.

எத்தனை வயதுப் பிள்ளை இதைச் செய்யலாம்?

பத்து வயதுப் பிள்ளை திருப்புளி பிடிக்கலாம், கம்பி இணைக்கலாம், புரோகிராம் எழுதலாம். சால்டரிங் (ஈயக் கம்பியை உருக்கி இணைப்பது) செய்யும்போதும் லித்தியம் செல்லைத் தொடும்போதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு அறையில் இருந்துகொண்டு 'பார்த்துச் செய்' என்று குரல் கொடுப்பது போதாது.

வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் பொத்தான் பேட்டரிகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ரோபோ கிட்டுகளுடன் வரும் சிறிய ரிமோட்டுக்குள் வட்டமான, நாணயம் போன்ற பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கிவிடும். வலிக்கிறதா என்று காத்திருந்து பார்க்கக்கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த ரிமோட்டின் மூடியை நான் ஒட்டுநாடா சுற்றித்தான் கொடுக்கிறேன்.

9 வோல்ட் பேட்டரி போட்டேன். விளக்கு எரிகிறது, சக்கரம் சுற்றவில்லை. மோட்டார் கெட்டுவிட்டதா?

மோட்டார் நன்றாகவே இருக்கும். அந்தச் சதுரப் பேட்டரி சிறிய மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது. உள் மின்தடை அதிகம். மோட்டார் இழுத்தவுடன் அதன் வோல்ட் சரிந்துவிடும். இதே 9 வோல்ட் பேட்டரியோடு எத்தனையோ கிட்டுகள் விற்கப்படுகின்றன, எத்தனையோ பிள்ளைகள் தங்களுக்கு இது வராது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம் இது.

முதல் ரோபோவுக்கு நான்கு பென்சில் பேட்டரிகள், அதாவது ஏஏ அளவு, போதும். மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. லித்தியத்துக்குப் போக அவசரம் வேண்டாம்.

மோட்டாரை நேராக ஆர்டுயினோவின் பின்னில் (கம்பி இணைக்கும் முனையில்) இணைத்தால் ஓடாதா? டிரைவர் எதற்கு?

ஊனோவின் ஒரு பின் பாதுகாப்பாகக் கொடுப்பது 20 மில்லிஆம்பியர். 40க்கு மேல் போனால் சிப் சேதமாகும். மஞ்சள் மோட்டார் சுமையே இல்லாமல் சுற்றும்போதே 150 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். சக்கரம் சிக்கி நின்றால் ஒரு ஆம்பியரை எட்டும், தாண்டவும் செய்யும். இது போதாதென்று, மோட்டாரை நிறுத்தும் நொடியில் அதன் சுருள் எதிர்த்திசையில் ஒரு வோல்ட் உதையைத் திருப்பி அனுப்பும். டிரைவர் பலகையிலுள்ள டையோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுபவை) அந்த உதையை வாங்கிக்கொள்கின்றன. டிரைவர் இல்லாமல் டிரான்சிஸ்டர் வைத்து ஓட்டுகிறவர் மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு போட மறக்கக்கூடாது.

லித்தியம் செல் வெடிக்கும் என்கிறார்களே. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

மதித்து நடத்தினால் வைத்துக்கொள்ளலாம். ரோபோக்களில் அதிகம் பயன்படுவது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சராசரியாக 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே சூடு கிளம்பும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் பழகிக்கொள்ளுங்கள். மிகவும் இறங்கிப்போன செல்லைத் திரும்பச் சார்ஜ் செய்யும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு. ஒரு அளவுக்கு மேல் சூடானால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும், பிறகு சுவிட்சை அணைத்தும் பயன் இல்லை.

வாங்கும்போது எழுத்தை நம்பாதீர்கள். இந்த அளவு செல்லில் நல்ல தயாரிப்பு 2000 முதல் 3500 மில்லிஆம்பியர்-மணி வரை கொள்ளும். உறையில் 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பொய் அச்சிட்டவர் உள்ளே என்ன வைத்தார் என்று யார் பார்த்தது? பழைய மடிக்கணினிப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்களும் வேண்டாம், உடைக்கும்போதே திருப்புளி குத்தித் தீப்பிடிக்கலாம். உறை கிழிந்தது, நசுங்கியது, தட்டையான பை வடிவச் செல் என்றால் உப்பியது, எல்லாவற்றையும் அப்போதே ஒதுக்குங்கள். சட்டைப்பையில் சாவியோடு செல்லைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு மாணவனின் தொடையில் கொப்புளம் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள்தான் அது பயணம் செய்ய வேண்டும்.

சார்ஜ் ஏற்றுவது தரை ஓட்டின் மீது, நீங்கள் விழித்திருக்கும்போது. மெத்தையின் மீதோ தாள் குவியலின் மீதோ அல்ல. புகை வந்தால் பிளக்கை அணைக்க முடிந்தால் அணையுங்கள், ஆட்களை வெளியே கூட்டிச்செல்லுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். 101 அல்லது 112க்கு அழையுங்கள். ஒற்றைச் செல் எரிகிறது, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று உறுதியானால் மட்டும் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

இரண்டு செல்லைத் தொடராக வைத்திருக்கிறேன். சின்ன நீலப் பலகையிலேயே சார்ஜ் செய்யலாமா?

கூடாது. டிபி4056 என்ற அந்த நீலச் சார்ஜர் பலகை ஒற்றைச் செல்லுக்கானது. தொடரில் இருக்கும் இரண்டு செல்கள் 8.4 வோல்ட் வரை ஏறும். அதற்கு இரண்டு செல்லுக்கான பாதுகாப்புப் பலகையும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன் செய்யும் சார்ஜரும் வேண்டும். இதெல்லாம் குழப்பமாக இருந்தால், செல்களை ஹோல்டரிலிருந்து கழற்றி ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். திரும்ப வைக்கும்போது கூட்டல், கழித்தல் முனைகளை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து வையுங்கள்.

இவ்வளவு சின்ன வண்டிக்கு ஃபியூஸ் எதற்கு?

செல் சின்னதுதான், ஆனால் அதன் இரு முனையும் நேராகச் சேர்ந்தால் பல பத்து ஆம்பியர் பாயும். மெல்லிய ஜம்பர் வயரின் உறை சில நொடிகளில் உருகும். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு மோட்டாரும் சிக்கி நின்றால் இரண்டு, இரண்டரை ஆம்பியர். ஆகவே 3 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். பேட்டரியின் கூட்டல் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, கம்பி வழியாக வீட்டை. போர்டைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து டிரைவர் வரை போகும் கம்பி 3 ஆம்பியரைச் சூடாகாமல் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும். அங்கே ஜம்பர் வயர் கூடாது.

சால்டரிங் புகை உடம்புக்குக் கெடுதலா? கை சுட்டுக்கொண்டால் என்ன செய்வது?

புகையில் பெரும்பகுதி, சால்டர் கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் என்ற பிசின் எரிந்து வருவது. அது மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து, புகையை உங்கள் முகத்திலிருந்து இழுத்துப் போகும்படி ஒரு சின்ன விசிறி வையுங்கள். ஈயம் கலந்த சால்டர் கம்பி 190 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுகிறது, ஆனால் சால்டரிங் இரும்பின் முனை 350 டிகிரி இருக்கும். ஈயம் கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் கவலை. சோப்பு போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள்.

சுட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, நெய் எதுவும் தடவ வேண்டாம், அவை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். இரும்பு கீழே விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும்.

புரோகிராம் ஏற்றியவுடன் வண்டி மேசையிலிருந்து பாய்ந்து விழுந்துவிட்டது. எப்படித் தடுப்பது?

சக்கரங்கள் காற்றில் இருக்கும்படி வண்டியை ஒரு கிண்ணத்தின் மேல் வைத்துத்தான் புரோகிராம் ஏற்ற வேண்டும். மின்சாரம் வந்தவுடன் ஓடாமல், ஒரு பொத்தானை அழுத்திய பிறகு மூன்று விநாடி காத்து ஓடும்படி எழுதுங்கள். மோட்டார் பேட்டரியின் கூட்டல் கம்பியில், வண்டியின் உச்சியில், கையை வீசினாலே அணைக்கக்கூடிய பெரிய சுவிட்ச் ஒன்று இருக்கட்டும். புரோகிராமில் எழுதும் 'நிறுத்து' கட்டளை புரோகிராம் தவறும்போது உதவாது. கம்பியை அறுக்கும் சுவிட்ச் எப்போதும் உதவும்.

மோட்டார் சுற்றத் தொடங்கியதும் போர்டு அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

9 வோல்ட் கேள்வியில் சொன்ன அதே சரிவுதான். மோட்டார் புறப்படும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தால் போர்டுக்குப் போகும் வோல்ட்டும் விழுகிறது. மோட்டாருக்கும் போர்டுக்கும் தனித்தனிப் பேட்டரி வையுங்கள், ஆனால் இரண்டின் கழித்தல் கம்பிகளையும் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் போர்டு சொல்வது டிரைவருக்குப் புரியாது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று வைத்தால் மின்னிரைச்சல் குறையும்.

எல்298என் டிரைவர் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிச் சூடாக்கிவிடும். தொடரில் இரண்டு லித்தியம் செல் சேர்ந்த 7.4 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் மோட்டாரைக் கருக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். புதுவகை டிரைவருக்கு மாறும்போது இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறினேன். அதே சென்சாரை இணைத்தேன், போர்டு செத்துவிட்டது.

ஊனோ 5 வோல்ட் போர்டு, ஈஎஸ்பி32 3.3 வோல்ட் போர்டு. சென்சாரின் எதிரொலிப் பின் 5 வோல்ட் அனுப்புகிறது. அந்தப் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை, அதிலிருந்து கழித்தல் கம்பிக்கு 2 கிலோ ஓம் மின்தடை வைத்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்குக் கொடுங்கள். 3.3 வோல்ட்தான் போய்ச்சேரும்.

சென்சார் இருந்தும் வண்டி சில இடங்களில் மோதுகிறது, ஒருமுறை மாடிப்படியிலும் உருண்டது. சென்சார் மோசமா?

சென்சார் தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே சொல்கிறது. திரைச்சீலையும் மெத்தையும் ஒலியை விழுங்கும். சாய்ந்த பலகை அதை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராதபோது புரோகிராமுக்கு 0 என்ற எண் கிடைக்கும். 'எதிரில் ஒன்றுமில்லை' என்று அதைப் படிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கம்பி கழன்றாலும் அதே 0 வரும். எனவே 0 வந்தால் 'எனக்குத் தெரியவில்லை' என்று பொருள் கொண்டு வண்டி நிற்க வேண்டும்.

படிக்கட்டு வேறு விஷயம். முன்னால் பார்க்கும் சென்சாருக்குக் கீழே பள்ளம் தெரியாது. தரையை நோக்கி அகச்சிவப்புச் சென்சார் ஒன்று தேவை. அதுவும் வெயில் விழும் இடத்தில் ஏமாறும். மாடியில் விளையாடும் வண்டிக்கு நான் படி வாசலில் ஒரு மரப்பலகையைக் குறுக்கே வைக்கிறேன்.

கைபேசி புளூடூத்தில் ஓட்டுகிறேன். தொடர்பு அறுந்தால் வண்டி ஓடிக்கொண்டே போகிறதே?

கடைசியாக வந்த கட்டளையை அது இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. கைபேசி நொடிக்குப் பல முறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அரை விநாடி அந்தக் குரல் வராவிட்டால் மோட்டாரை அணைக்கும்படி எழுதுங்கள். இதற்கு மேல் ஊனோவின் சிப்பிலேயே வாட்ச்டாக் டைமர் உண்டு. புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் அது போர்டை மீண்டும் தொடங்கச் செய்யும். முதலாவது தொடர்பைக் கண்காணிக்கிறது, இரண்டாவது புரோகிராமைக் கண்காணிக்கிறது. இரண்டும் வேண்டும்.

ரோபோ கை கட்ட ஆசை. பிளாஸ்டிக் கைதானே, என்ன ஆபத்து?

பெரிய சர்வோ 10 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு விசை தரும். 10 சென்டிமீட்டர் கை நுனியில் ஒரு கிலோ, மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் பத்துக் கிலோ. விரல் மாட்டுவது எப்போதும் மூட்டில்தான். மின்சாரம் கொடுத்தவுடன் சர்வோ தான் நினைத்த கோணத்துக்கு ஒரே தாவாகத் தாவும், புரோகிராமில் மெதுவாகப் போகச் சொல்லியிருந்தாலும். 1979இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கார் தொழிற்சாலைக் கிடங்கில், பொருள் எடுக்கப் போன தொழிலாளி இயந்திரக் கை அடித்து உயிரிழந்தார். கை எட்டும் எல்லைக்குள் ஆள் இருப்பது அதற்குத் தெரியவில்லை. நீங்கள் கட்டும் ரோபோ கை பல மடங்கு சின்னது, பாடம் அதே. அது எட்டும் தூரத்தை அளந்து மேசையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மின்சாரம் இருக்கும்வரை வட்டத்துக்குள் யார் விரலும் போகக்கூடாது.

பழைய மிக்ஸி மோட்டார் சும்மா கிடக்கிறது. அதை வைத்து வெட்டும் சக்கரம் பொருத்தலாமா?

வேண்டாம். அது 230 வோல்ட்டில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவது. உலோக வண்டியில் அதன் மின்காப்பு உறை கிழிந்தால் தொட்டவர் உயிருக்கே ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால் சுழலும் சக்கரத்தில் சேரும் சக்தி நான்கு மடங்காகும். அது உடைந்து தெறித்தால் நிறுத்த வழியே இல்லை. நம் விதியை அது மீறிவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பையும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிர் போக்கும் அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அடுத்து பறக்க வைக்கலாமா?

அது ரோபோ கட்டுவதோடு சட்டத்தையும் தொடும் வேலை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். 250 கிராம் வரையிலானவை 'நானோ' வகை. எடை எதுவானாலும் எங்கே பறக்கலாம் என்று முதலில் பாருங்கள்.

என் வண்டி தானே சார்ஜர் இருக்கும் இடத்துக்குப் போய் ஏற்றிக்கொள்கிறது. இரவில் அப்படியே விட்டுவிடலாமா? வீட்டில் நாயும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

முதலில் என் வாழ்த்து. எல்மரும் எல்சியும் செய்ததை நீங்கள் வீட்டில் செய்துவிட்டீர்கள், சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

இரவில் விட வேண்டாம். லித்தியம் பற்றிய பதிலில் விழித்திருக்கும்போது என்று நான் எழுதியது இதற்காகத்தான். மேலும் சார்ஜ் ஏற்றும் உலோகத் தகடுகள் திறந்தே கிடக்கும். நாய் நக்கும், குழந்தை ஊசியை வைக்கும், கீழே விழுந்த நாணயம் இரண்டையும் சேர்க்கும். வண்டி வந்து உட்கார்ந்த பிறகே தகடுகளுக்கு மின்சாரம் போகும்படி ஒரு சுற்று அமையுங்கள், அதற்கும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். பகலில் நீங்கள் அதே அறையில் இருக்கும்போது சில வாரம் ஓட விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் செல்லின் சூட்டைக் கையால் தொட்டு, வோல்ட்டை அளந்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.